மாப்ளைக்கும் யெஸ்டிக்கும் எஃப்.சி.

வா மாப்ளே, உக்காரு. உங்கம்மா நேத்து சாயங்காலமே வந்து ஒரு பாட்டம் புலம்பிட்டுப் போயிட்டா. "அண்ணே, பய ராத்திரி டார்ச் லைட்டோட மாட்டுக்கொட்டகைக்குப் போறான். எவளையோ பாக்கத்தான் போறான்னு நானும் பதறிப் பின்னாடியே போனா, அவுக அய்யா வண்டியைத் துடைச்சிக்கிட்டு நிக்கான்"ன்னா. எவளையாவது பாத்திருந்தாக்கூட ஒரு கல்யாணச் செலவோட முடிஞ்சிருக்கும் தங்கச்சி, இது அப்படி முடியுற சங்கதி இல்லன்னு சொல்லித்தான் அனுப்பி வச்சேன். கோவிச்சுக்காத.

அந்த யெஸ்டியை மறுபடி ரோட்டுல இறக்க ஆர்.சி.யைப் புதுப்பிக்கலாமா, வேண்டாமா? இதானே உன் விசாரம். என்கிட்ட வாறதுக்கு முன்னாடி நீ யாரு யாரைக் கேட்டேன்னு எனக்குத் தெரியும். மெக்கானிக்கைக் கேட்டிருக்க. "பண்ணிருவோம் தம்பி, போர் மட்டும் போட்டா போதும், குதிரையா ஓடும்"னான். அவன் எந்த வண்டியைப் பாத்துடே வேண்டாம்னு சொல்லியிருக்கான்? பெயின்டரைக் கேட்டிருக்க. அவன் கலர் அட்டையை எடுத்து நீட்டிட்டான். கூட்டாளிகளைக் கேட்டிருக்க. "வின்டேஜ் மச்சி, விட்றாதே"ன்னானுவ. அவனுவ காசா போகப்போவுது? இத்தனை பேருல ஒருத்தனாவது "ஆர்.சி. புக்கை எடு, பாப்போம்"னு கேட்டானா? கேக்க மாட்டான். காகிதத்துல கிரீஸ் ஒட்டாது பாரு, அதுல யாருக்கும் சம்பாத்தியம் இல்ல.

உங்கய்யா அதை 1984-ல வாங்கினாரு. மைசூர்ல ஐடியல் ஜாவா கம்பெனி செஞ்ச உருப்படி. 1961-ல ஜாவான்னு செய்ய ஆரம்பிச்சு, 1973-ல யெஸ்டின்னு பேரை மாத்தி, 1996-ல கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. ஒத்தைச் சிலிண்டர்தான், ஆனா ரெண்டு பக்கமும் சைலன்சர். எதுக்கு மச்சான் ஒரு சிலிண்டருக்கு ரெண்டு புகைபோக்கின்னு கேட்டேன். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்க தங்கச்சிக்கு"ன்னாரு. ஆளு அப்படி.

அதுல கிக்கர் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா? இப்ப உள்ள மெக்கானிக் பயலுவ வலது பக்கம் குனிஞ்சு தேடுவானுவ. இருக்கது இடது பக்கம். கீழ படுத்துக் கிடந்தா அது கியர் லிவர். அதையே உள்ள தள்ளி மேல தூக்கி நிறுத்தினா கிக்கர். மிதிச்சு ஸ்டார்ட் ஆனதும் மறுபடி படுத்துக் கியராயிரும். ஒரே கம்பிக்கு ரெண்டு வேலை. கியர் மாத்தும்போது அதுவே கிளட்சையும் விலக்கிவிடும். கையால பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல. உங்கய்யா அதை வச்சு ஊருக்குள்ள என்ன வித்தை காட்டினாருன்னு இப்பச் சொல்ல மாட்டேன், உங்கம்மா கதவுக்குப் பின்னாடிதான் நிக்கா.

2022-ல யெஸ்டிங்கிற பேருல புது வண்டி வந்துட்டு, அதனால சாமான் கிடைக்கும்னு யாரோ உனக்குச் சொன்னானாம். அது நாலு ஸ்ட்ரோக்கு, தண்ணி சுத்திக் குளிரவைக்கிற என்ஜின். பேருதான் ஒண்ணு. எங்க தாத்தா பேரைத்தான் உனக்கும் வச்சிருக்கு. அதுக்காக அவரு பல்செட்டு உன் வாயில சேருமா?

இப்ப காகிதத்துக்கு வருவோம். வண்டி பதிஞ்ச நாள்ல இருந்து ஆர்.சி.க்கு ஆயுசு 15 வருஷம். அதுக்கப்புறம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி அஞ்சஞ்சு வருஷமாப் புதுப்பிக்கணும். சட்டத்துல அதுக்கு என்ன பேரோ, நம்மூர்ல எஃப்.சி. காட்டுறதும்பாங்க. உங்கய்யா 1999-ல காட்டினாரு. 2004, 2009, 2014, 2019-னு வரிசையா விடாம காட்டினாரு. உன் பரீட்சைத் தேதி அவருக்கு ஞாபகம் இருக்காது, எஃப்.சி. தேதி இருக்கும். காலெண்டர்ல வட்டம் போட்டு வச்சிருப்பாரு. அவரு போனதுக்கப்புறம் 2024-ல முடிஞ்சுது பாரு, அதைத்தான் நீ கோட்டை விட்ட. புதுப்பிக்க 2019-ல அவரு கட்டின ஃபீசு 300 ரூபாய். 2022 ஏப்ரல்ல அது 1000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல, 20 வருஷம் தாண்டின மோட்டார் சைக்கிளுக்கு 2000-ன்னு ஆக்கிட்டாங்க. அது போக, தாமதமான ஒவ்வொரு மாசத்துக்கும் 300. வருஷத்துக்கு 3600. நீ ராத்திரி ராத்திரி போய்த் துடைச்சியே, அதுக்குக் கழிவு ஒண்ணும் கிடையாது. பசுமை வரின்னு இன்னொண்ணும் உண்டு. புகையை விடுறது வண்டி, கண்ணு எரியுறது நமக்கு.

ஆனா இதெல்லாம் சில்லறை. முதல்ல வண்டி யாரு பேருல இருக்கு? உங்கய்யா பேருல. வண்டிக்காரரு இறந்தா 30 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரியப்படுத்தி, மூணு மாசத்துக்குள்ள ஃபாரம் 31 குடுத்துப் பேரை மாத்தணும்னு விதி. நீ பதினாறாம் நாளு காரியம் முடிஞ்ச மறுநாளே பெங்களூருக்குப் பஸ் ஏறிட்ட. குத்தம் சொல்லல, லீவு இல்லாம இருந்திருக்கும். இப்ப இறப்புச் சான்று வேணும், வாரிசுச் சான்று வேணும், மத்த வாரிசுக எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு எழுதித் தரணும். உங்கம்மா கையெழுத்துப் போட்டுருவா. உங்கக்கா? அவ மாப்பிள்ளை ரெண்டு தீபாவளியா அந்த வண்டியைச் சுத்திச் சுத்தி வந்து "நல்ல கண்டிஷன், நல்ல கண்டிஷன்"னு சொல்லிக்கிட்டிருந்தது உன் காதுல விழலையா? ஒரு பட்டுச் சேலை செலவு ஆகும். அதையும் மெக்கானிக் எஸ்டிமேட்டுல சேத்து எழுதிக்கோ.

ஆர்.சி.யில ஃபைனான்ஸ் முத்திரை இருக்கான்னும் பாரு. அந்தக் காலத்துல வட்டிக்கு வாங்கித்தான் வண்டி எடுப்பாங்க. கடன் அடைஞ்சிருக்கும், முத்திரை அடையாம அப்படியே கிடக்கும். குடுத்தவன் கடையையே மூடிட்டுப் போயிருந்தா தடையில்லாச் சான்றுக்கு எங்க போவ? உங்கய்யா கடனை 1987-லயே அடைச்சு முத்திரையையும் நீக்கிட்டாரு. எனக்கு நல்லாத் தெரியும். கடைசித் தவணைக்கு என்கிட்டத்தான் கைமாத்து வாங்கினாரு. அதை நீ இப்பத் தரணும்னு சொல்லல. சும்மா ஞாபகத்துக்குச் சொன்னேன்.

அடுத்து சேசிஸ் நம்பர். இதைக் காதுல வாங்கிக்கோ. ஹேண்டில்பாருக்குக் கீழ வண்டிக் கழுத்துல அடிச்சிருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் உன் பெயின்டோட பளபளப்பைப் பாக்க மாட்டாரு. ஒரு காகிதத்தை அந்த இடத்துல வச்சுப் பென்சிலால தேய்ப்பாரு. எழுத்து ஒண்ணு ஒண்ணா மேல எழும்பி வரணும், ஆர்.சி.யில இருக்கதோட ஒத்துப் போகணும். துரு தின்னுருந்தாலோ, ஆர்வக் கோளாறுல பெயின்டர் பட்டி வச்சு மொழுகியிருந்தாலோ தீந்துது. பவுடர் கோட்டிங்கு போட்டு எழுத்துப் பள்ளத்தை அடைச்சவன் எத்தனையோ பேரு. அதுக்கப்புறம் இவன் வண்டி இவனோடதுதான்னு இவனே நிரூபிக்கணும். நீ சாயம் அடிக்குறதுக்கு முன்னாடி அந்த எடத்துல ஒரு டேப்பை ஒட்டு. இல்ல, பெயின்டரையே கட்டிப் போடு. இன்னைக்கே மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சு, பென்சிலால நீயே ஒருக்காத் தேய்ச்சுப் பாரு. என்ஜின் நம்பரையும் பாரு. ராத்திரி டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டுப் போறதுக்கு இது ஒரு நல்ல காரணம், உங்கம்மாவும் நிம்மதியாத் தூங்குவா.

பேரு, நம்பரு இது ரெண்டும் சரியில்லன்னா, அதுக்கு மேல அந்த வண்டிக்கு ஒரு போல்ட்டு கூட வாங்காத. நம்ம பயலுவ எல்லாம் தலைகீழாத்தான் செய்யுதான். குரோமியம் பூசி, சீட்டுத் தைச்சு, டேங்க்ல கோடு இழுத்து, அறுபதாயிரத்தைக் கரைச்ச பொறவு புக்கைத் தேடுதான். புக்கு எலி வாயில போயிருக்கும். டூப்ளிகேட்டுக்குப் போலீஸ்ல எழுதி வாங்கணும், ஃபாரம் 26 போடணும்னு அப்பத்தான் புரோக்கர் அவனுக்குப் பாடம் எடுப்பான்.

வின்டேஜுன்னு பதியலாம்னு நீ சொன்னதா உங்கம்மா சொன்னா. மாப்ளே, 2021-ல வந்த விதிப்படி முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டினாத்தான் வின்டேஜ். உங்க யெஸ்டிக்கு 2034 வரைக்கும் பொறுக்கணும். இப்போதைக்கு இந்த வீட்டுல அந்தத் தகுதி எனக்கும் உங்கத்தைக்கும்தான் இருக்கு. அப்படியே பதிஞ்சாலும் 20,000 ரூபாய் ஃபீசு, பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சிக்கு ஓட்டலாம், ஊர்வலத்துக்கு ஓட்டலாம், பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க ஓட்டலாம். தினப்படி ஓட்டக் கூடாது. மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கப் போனேன்னு சொன்னா எந்தக் கண்காட்சியில மாடு இருந்துச்சுன்னு கேப்பாங்க.

"15 வருஷம் தாண்டின வண்டியெல்லாம் ஓடக்கூடாதாமே"ன்னு வாட்ஸ்அப்புல வந்ததை நம்பிப் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுறாத. பெட்ரோல் வண்டிக்குப் 15, டீசலுக்கு 10-ன்னு தடை போட்டதெல்லாம் டெல்லி வட்டாரத்துச் சங்கதி. கோவில்பட்டிக் காத்துக்கு அந்தச் சீக்கு இன்னும் வரல. புகைச் சான்றுல கூட 2000 மார்ச்சுக்கு முந்தின வண்டிக்குச் சட்டம் தாராளமாத்தான் இருக்கு. கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரைக்கும் விடலாம். அதுக்குப் பொறவு பொறந்த வண்டிக்கு 3.5 தான். கிழடு இருமினா யாரும் கோவிக்க மாட்டாங்கங்கிறதை அரசாங்கமே ஒத்துக்கிட்டிருக்கு.

சைலன்சரை அறுத்து, ஹேண்டிலைத் தாழ்த்தி, மாட்டுச் சாணி கலர்ல மங்கலா பெயின்ட் அடிச்சு என்னமோ ரேஸர் ஆக்கப் போறியாமே? கம்பெனிக்காரன் செஞ்ச அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. கலரை மாத்தினாக்கூட ஆர்.சி.யில ஏத்தணும். இத்தனைக்கும் ரெண்டு சைலன்சர்ல ஒண்ணு உங்கம்மாவோடது. எதை அறுக்கப் போறேன்னு அவகிட்டயே கேட்டுக்கோ.

இனி சொல்லப் போறதுல விளையாட்டு இல்ல. "மாமா, இதெல்லாம் எதுக்கு, ஊருக்குள்ளதானே, பேப்பர் இல்லாமலே ஓட்டிட்டுப் போறேன்"னு ஒரு யோசனை உன் மண்டைக்குள்ள ஓடுது. கண்ணைப் பாத்தாலே தெரியுது. பதிவு இல்லாம ஓட்டினா முதல் தடவை 2000-க்குக் குறையாம 5000 வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததுக்கு இன்னொரு 2000. அதைக் கட்டிட்டுப் போயிரலாம். ஆனா கழுகுமலைத் தேரன்னைக்குக் கூட்டத்துல எவன் மேலயாவது இடிச்சு, அவனுக்குக் காலு போயிட்டுன்னா? இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு ட்ரிப்யூனல்ல விதிக்கிற தொகையைக் கம்பெனி தராது. வண்டிக்கு உடையவன்தான் தரணும். உடையவன்கிட்ட என்ன இருக்கு? உங்கய்யா பருத்தி போட்டுச் சேத்த கரிசல் இருக்கு. 250 சி.சி. வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022-ல நிர்ணயிச்ச கணக்குல 1366 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பெங்களூர்ல ரெண்டு பேரு பீட்சா தின்னா ஆகுற காசு. நிலத்தைக் காக்க இதைவிட மலிவா வேலி எங்கயும் கிடைக்காது.

பேப்பர் முடியுற வரைக்கும் வண்டி ரோட்டுல உருளக் கூடாது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன்னு வீரம் பேசாத. ஒரு குட்டியானையைப் பிடிச்சு அதுல ஏத்திக் கொண்டு போ. உங்கய்யா வண்டி குட்டியானை மேல ஊர்வலம் போறதைப் பாத்து நாலு பேரு சிரிப்பான். சிரிக்கட்டும்.

பெட்ரோல் சங்கதி வேற இருக்கு. இப்ப பங்குல வாறதுல 20 சதவீதம் எத்தனால். அது தண்ணியை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். மாசக்கணக்குல டேங்க்ல நிப்பாட்டி வச்சேன்னா உள்ள துருப்பிடிச்சுக் கார்புரேட்டர் அடைக்கும். டியூப்பு, வாஷர் எல்லாத்தையும் மாத்து. டேங்கைக் காய வைக்காம வண்டியை ஓட்டிக்கிட்டே இருக்கணும். டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் நீயே அளந்து கலக்கணும். லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் தந்துதுன்னா கும்பிட்டுக்கோ.

இப்பச் சொல்லு. வருஷத்துக்கு எத்தனை நாளு ஊருக்கு வாற? பொங்கலுக்கு வருவ, தீபாவளிக்கு வருவ, நடுவுல எவனாவது செத்தா வருவ. அதுக்கு அஞ்சு வருஷப் பதிவு எதுக்குன்னு கேப்பேன்னு நினைச்ச, இல்ல? பெங்களூருக்குக் கொண்டு போறேன்னு சொல்லுவ. அங்க ஒரு வருஷத்துக்கு மேல வச்சுக்கிட்டா அந்த ஊர்ல மறுபதிவு, தடையில்லாச் சான்று, அங்கத்தைய வரின்னு இன்னொரு பொழப்பு ஆரம்பிக்கும். அந்த ட்ராஃபிக்குல நிறுத்தி நிறுத்தி ஓட்டினா டூ ஸ்ட்ரோக்கு என்ஜின் கொதிச்சுப் பிஸ்டன் பிடிச்சுக்கும். ஜூலை ரெண்டாவது ஞாயித்துக்கிழமை ஜாவா யெஸ்டிக்காரனுவ எல்லாம் ஒண்ணாக் கூடுவானுவளாமே, அன்னைக்கு மட்டும் கொண்டுபோய்க் காட்டிட்டு வா.

வேண்டவே வேண்டாம்னு தோணுச்சுன்னா அதுக்கும் மொறை உண்டு. இனி ஓடாதுன்னு எழுதிக் குடுத்து ஆர்.சி.யை ஒப்படைச்சு ரத்து பண்ணணும். பதிவு பெத்த உடைக்கிற நிலையத்துல விட்டா சான்று தருவாங்க. தெருவுல வாற இரும்புக்காரனுக்குக் கிலோக் கணக்குல போட்டேன்னா, உங்கய்யா நம்பரை மாட்டிக்கிட்டு எவனோ எங்கயோ சங்கிலி அறுப்பான். விடிகாலையில போலீஸ் உங்கம்மா வீட்டுக் கதவைத் தட்டும்.

ஆனா ரத்து பண்ணாத. சேசிஸ் நம்பர் தெளிவா எழும்பி வந்து, உங்கக்கா கையெழுத்துப் போட்டான்னா, யோசிக்காமப் பதிஞ்சிரு. பேரை மாத்து, அப்புறம் என்ஜினைத் தொடு, அது ஓடினதும் இன்சூரன்ஸ், புகைச் சான்று, கடைசியில எஃப்.சி. பெயின்ட்டு எல்லாத்துக்கும் அப்புறம். நாலு இடத்துல சிராய்ப்போட ஓடினா ஒண்ணும் கொறைஞ்சு போகாது. 1989-க்கு முந்தின மூணெழுத்து நம்பர் அது. ஒருக்கா ரத்தாச்சுன்னா அந்த நம்பர் பிளேட்டைச் சுவத்துலதான் மாட்டணும்.

ஒரே ஒரு சிக்கல். வண்டியைச் சும்மா நிறுத்தக் கூடாது பாரு. வாரம் ஒருக்கா மிதிச்சு ஸ்டார்ட் பண்ணி, எட்டயபுரம் ரோட்டுல போய் ஒரு டீயைக் குடிச்சிட்டு வாறதுக்கு ஊர்ல பொறுப்பா ஒரு ஆளு வேணும். கிக்கர் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரிஞ்ச ஆளா இருக்கணும். லைசென்ஸ் உசுரோட இருக்கணும். அது யாருன்னு நான் சொன்னா நல்லாருக்காது, நீயே யோசிச்சுக்கோ. பெட்ரோல் உன் செலவு, டீ என் செலவு.

நாள் பாக்கணும்னு உங்கம்மா சொல்லுவா. அஷ்டமி அன்னைக்குப் போ. புது வண்டிக்காரன் ஒருத்தன் வர மாட்டான், ஆபீசு காலியாக் கிடக்கும். ஒரிஜினலைக் கையில வச்சுக்கோ, ஜெராக்ஸ் ரெண்டு செட்டு எடுத்துக்கோ. குட்டியானைக்காரன்கிட்ட வாடகையை ஏறுறதுக்கு முன்னாடியே பேசிக்கோ.